நிலா சேர்க்கும் முன் எடுத்த காட்சி

எங்கள் இயக்குநருக்குப் படக்குழுவில் வைத்திருந்த பெயர் மெசேஜ். அவர் முன்னால் 'சார்', முதுகுக்குப் பின்னால் மெசேஜ். மனிதர் எதைத் தொட்டாலும் அதில் ஒரு மெசேஜ் வைப்பார். மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால்கூட, வரிசை என்பது அதிகாரத்தின் கண்டுபிடிப்பு என்று ஆரம்பிப்பார். பசியோடு நிற்பவன் தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

"நம்ம ஊர்க் கதையா எடுத்தா கேஸ் போடுவான். வேற கிரகத்துல நடக்குதுன்னு சொல்லிட்டா எதை வேணா பேசலாம். அந்தக் கிரகத்துக்காரன் எவன் வந்து கேஸ் போடப் போறான்?" என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் சினிமாவுக்குக் காகிதம் செய்கிறவள். வில்லன் மேசையில் கோப்பு இருந்தால், போலீஸ்காரன் கையில் வாரண்ட் இருந்தால், சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அதெல்லாம் என் கைவேலை. பழைய காகிதம் வேண்டுமா, புதிய காகிதத்தைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி வெயிலில் போடுவேன். முத்திரை வேண்டுமா, ரப்பரில் வெட்டுவேன். எனக்கும் ஒரு பெயர் உண்டு. பேப்பர்.

படத்தின் கதை இதுதான். ஏதோ ஒரு கிரகம். வானத்தில் இரண்டு நிலா. சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் வீடுகளுக்கு அடியில் பனிக்கட்டி கிடைக்கிறது. கம்பெனிக்கு அந்த இடம் வேண்டும். அடிதடி இல்லாமல், மிரட்டல் இல்லாமல், ஜனங்கள் சலித்துப்போய்த் தாங்களே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்வரை காத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் காட்சிதான் படத்தின் உயிர் என்றார் மெசேஜ். அதற்கு ஒரு தெரு வேண்டும் என்றார்.

தெருவைக் காட்டிக் கொடுத்தது நான்தான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

என் அக்கா குடியிருந்த தெரு அது. பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு வரிசை, மொத்தம் முப்பத்தெட்டு வீடு. நடுவில் ஒரு சந்து. ஒரு கார் நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள்காரன் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். மாமா டிப்போவில் பெயிண்டர். அந்த நிலத்தை ஒரு கம்பெனி வாங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. வழக்கு நடந்து, கடைசியில் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: குடியிருப்பவர்கள் தாங்களாக எழுத்தில் சம்மதம் கொடுத்தாலொழிய ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. அந்த எழுத்து நில அலுவலகத்தின் படிவத்தில்தான் இருக்க வேண்டும்.

அதனால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் பேனாவைக் கண்டாலே பயம். குடியிருப்போர் சங்கத்துக்கு மாமாதான் செயலாளர். "எவன் எதை நீட்டினாலும் கை வைக்காதீங்க. பார்சல் வந்தாக்கூட கையெழுத்து கேட்டா திருப்பி அனுப்பிடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். அக்கா ஆசையாக ஆர்டர் பண்ணிய மிக்ஸியையே வாசலோடு திருப்பி அனுப்பியவர். அதற்காக அக்கா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட தெருவில் முப்பத்தெட்டு கையெழுத்தும் விழுந்தன. காகிதத்தை நீட்டியது நான் என்பதால் விழுந்தன.

மெசேஜ் தெருவைப் பார்த்ததும் சொக்கிப்போனார். "இதான். இதுல ஒரு ஆணி கூட மாத்தக் கூடாது. கதவு நம்பர் அப்படியே இருக்கட்டும். உடுப்பும் வேணாம். எதிர்காலம்னா வெள்ளிக் கலர்ல சட்டை மாட்டி விடுறானுங்க. ஏழைங்க இருநூறு வருஷம் கழிச்சும் இதே சட்டைதான் போடுவாங்க. அதான் என் அரசியல்" என்றார். நிலவையும் சிவப்பு வானத்தையும் பின்னால் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். தெரு தெருவாகவே இருக்க வேண்டும்.

நிலக் கம்பெனியிடம் அனுமதி கேட்கப் போனார்கள். வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தோம். அவன் சந்தோஷமாகக் கொடுத்தான். பதிலுக்கு இணைத் தயாரிப்பாளர் என்று பெயர் போட வேண்டும், அவ்வளவுதான். மெசேஜுக்குத் தலைகால் புரியவில்லை. "அவன் இடத்துலயே நின்னு அவன் மூஞ்சில அடிக்கப் போறேன், அது தெரியாம தலையாட்டுறான் பாரு மடையன்" என்றார். யார் மடையன் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

நான் படிவம் செய்ய உட்கார்ந்தேன். மாமாவிடம் நில அலுவலகத்தின் காலிப் படிவம் ஒன்று இருந்தது, வழக்குக் காகிதக் கட்டுக்குள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தேன். மேலே முத்திரை வருகிற இடத்தைக் காலியாக விட்டேன். கிரகத்துக்கு என்ன பெயர் என்றே மெசேஜ் அதுவரை முடிவு பண்ணியிருக்கவில்லை. கிரகச் சின்னத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வதாக ஏற்பாடு. தேதி இடமும் காலி. அந்தக் கிரகத்தில் மாதம் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பொய்க் காகிதத்தில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டு வைப்போம். சட்டத்தில் நாற்பது பிரிவு இருந்தால் நாற்பத்தேழாம் பிரிவு என்று போடுவோம். அந்தக் காகிதம் எவன் கையில் சிக்கினாலும் அதை வைத்து எவனையும் ஏமாற்ற முடியாது. இதிலும் அப்படியே போட்டேன். மெசேஜ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவர். பிடித்துவிட்டார்.

"நாற்பத்தேழா? மொத்தமே நாற்பதுதானே? காகிதத்தை குளோசப்ல காட்டப் போறேன் பேப்பர். படத்தை நிறுத்தி வச்சுப் படிப்பானுங்க. டைரக்டருக்குச் சட்டமே தெரியலன்னு எழுதுவானுங்க. சரியான நம்பரைப் போடு."

வழக்கத்தைச் சொன்னேன். "உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருஷமாகக் காகிதம் செய்கிறேன், என்னைப் பார்த்து அப்படிக் கேட்டால்? அன்றைக்கே சரியான எண்ணைப் போட்டு, நூறு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் பிழையே இல்லாமல் நான் செய்த ஒரே காகிதம் அதுதான்.

படப்பிடிப்பன்று தெருவே களை கட்டியது. ஆனால் முதல் வீட்டுக்காரி பேனாவைத் தொடவே மாட்டேன் என்றாள். "பொய்க் கையெழுத்துப் போடுங்க, கிறுக்கி விடுங்க" என்று உதவி இயக்குநர் கெஞ்சினார். மெசேஜ் விடவில்லை. தன் பெயரை எழுதுகிறவன் கை ஒரு மாதிரி போகும், கிறுக்குகிறவன் கை வேறு மாதிரி போகும், கேமராவுக்குத் தெரியும் என்றார். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

"என்ன கொழுந்தியா, போடலாமா?"

"போடுங்க மாமா. சினிமாப் பேப்பர். நான் பண்ணினது" என்றேன்.

"சரி, எங்க வீட்டுப் பொண்ணு பண்ணினதுப்பா. போடுங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு ஒருத்தரும் தயங்கவில்லை.

மாமாவுக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். "போதும் சார். நாலு வருஷம் ஆச்சு. நாங்க போயிடுறோம்." நாலு வருஷம் என்பதை மாமாவின் வாயிலிருந்தே மெசேஜ் எடுத்திருந்தார். மாமா பதினைந்து நாளாக அதை டிப்போவில், குளியலறையில், சாப்பிடும்போது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து அக்கா உயிரை வாங்கியிருந்தார். கேமரா முன்னால் கண்ணைக் கசக்கி, குரலை நடுங்க வைத்து, ஒரு பெரிய நடிப்பு நடித்தார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

மெசேஜ் அவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "அழாதீங்க. அழுதா அவனுங்க கெட்டவனுங்க, நீங்க பாவம், அவ்வளவுதான். எனக்கு அது வேணாம். உங்களுக்கு நெஜமாவே போதும் போதும்னு ஆயிடுச்சு. நிம்மதியாப் போடுறீங்க. அதுதான் பார்க்கிறவனை அறுக்கும்." ஏழு முறை எடுத்தார்கள். நாலாவது முறையில் மாமா பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடமே நீட்டினார். கூட்டம் கை தட்டியது. அக்கா என் காதில், "உங்க மாமாவுக்கு இவ்வளவு அடக்கமா பேச வரும்னு எனக்கே இன்னிக்குத்தான்டி தெரியும்" என்றாள்.

மாலையில் காகிதங்களை எண்ணிப் பெட்டியில் போட்டு, வழக்கம்போலத் தயாரிப்பாளர் கிடங்குக்கு அனுப்பி, 'பெட்டி ஒன்று' என்று ரசீது வாங்கினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன். "எங்க தெருவுல எல்லாரும் சம்மதம் எழுதிக் குடுத்துட்டோமாம். நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான். காலி பண்ணணுமாம்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. விஷயம் அவளுக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தயாரிப்பாளர் கிடங்கு இணைத் தயாரிப்பாளருக்கும் கிடங்குதானே.

ஆட்சேபம் சொல்ல ஒரு விசாரணை உண்டு, பத்து நாளில். நேராக மெசேஜிடம் ஓடினேன். எடிட்டிங் அறையில் இருந்தார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். இந்தக் காட்சி என் படத்துக்காக எடுக்கப்பட்டது, காகிதங்கள் படத்துக்காகச் செய்யப்பட்டவை என்று இரண்டு வரி.

சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். மனிதருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

"பாத்தியா பேப்பர், நான் படத்துல சொன்னது அப்படியே நடக்குது பாத்தியா?"

"பாத்தேன் சார். லெட்டர் குடுங்க."

அவர் திரும்பி எடிட்டரைப் பார்த்தார். எடிட்டர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த சீன் படத்துல இல்லம்மா. போன வாரம் தூக்கிட்டோம்" என்றார் எடிட்டர்.

நீளம் என்றார்கள். பிறகு மெசேஜே உண்மையைச் சொன்னார். இணைத் தயாரிப்பாளருக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லையாம். அது இருந்தால் படத்தை வெளியிட விடமாட்டானாம். கடிதம் கொடுத்தாலும் அதே கதிதான்.

"யோசிச்சுப் பாரு. மூணு வருஷ உழைப்பு. இந்தப் படம் எத்தனை லட்சம் பேரைப் போய்ச் சேரும்? எத்தனை தெருவைக் காப்பாத்தும்? ஒரு தெருவுக்காக அதைப் பெட்டிக்குள்ள பூட்டச் சொல்றியா?"

"இந்தத் தெருவுக்கு நாமதானே சார் கொள்ளி வச்சோம்?"

"உணர்ச்சிவசப்படாத. படம் வரட்டும். நான் மேடையில பேசுறேன். பேர் சொல்லாம பேசுறேன், ஆனா எல்லாருக்கும் புரியும்" என்றார். வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்லவர். அவரை நினைத்தாலே எனக்கு இன்றுவரை வாய் கசக்கிறது.

விசாரணை நில அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேசை, நான்கு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. தெருக்காரர்கள் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே மாமா, அக்கா, நான். எதிரே கம்பெனி வக்கீல். அதிகாரி எங்கள்மேல் எந்தப் பகையும் இல்லாத, மதியத்துக்குள் இன்னும் ஆறு கோப்பைப் பார்த்தாக வேண்டிய மனிதர்.

காகிதங்களை மேசையில் வைத்தார்கள். முப்பத்தெட்டு. நான் காலி விட்ட இடத்தில் முத்திரையும் தேதியும் விழுந்திருந்தன. பிறகு வக்கீல் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார்.

திரையில் எங்கள் தெரு. அதே கதவு, அதே எண், அதே சட்டைகள். நிலா இல்லை. சிவப்பு வானம் இல்லை. அதெல்லாம் பின்னால் சேர்ப்பதாக இருந்தவை, யாரும் சேர்க்கவில்லை. கிளாப் அடித்த துண்டை வெட்டியிருந்தார்கள். மாமா வாசலில் நின்று, முகத்தில் சின்ன வருத்தம்கூட இல்லாமல், "போதும் சார். நாலு வருஷம் ஆச்சு. நாங்க போயிடுறோம்" என்றார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். நாலாவது டேக்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். ஆனா அது நடிப்பு சார். வேற கிரகம் சார் அது."

அதிகாரி மாமாவை நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அங்க ரெண்டு நிலா வரும் சார்" என்றார் மாமா மறுபடி. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் ஒரு கடிதத்தை நீட்டினார். தயாரிப்பு நிறுவனத்தின் கடிதம். எங்கள் படத்தில் இப்படி ஒரு காட்சி இல்லை என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"சார், இந்தக் காகிதத்தைப் பண்ணினதே நான். வேணும்னா இங்கயே பண்ணிக் காட்டுறேன்" என்றேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பாவம் பார்த்தாரோ என்னவோ, ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். நான் எழுத ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆகியும் ஒரு வரி மறக்கவில்லை. ஓர இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் அப்படியே கையில் வந்தன. எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன்கூட.

அதிகாரி என் தாளையும் அலுவலகப் படிவத்தையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரலை ஓட்டினார்.

"ஒரு எழுத்து வித்தியாசம் இல்ல. பிரிவு நம்பர்கூட சரியா இருக்கு."

"ஆமா சார். அதான் சொல்றேன், நான் பண்ணினது."

"யார் அடிச்சாங்கங்கிறது எங்களுக்குத் தேவையில்லம்மா. வாசகம் சரியா இருக்கணும், கையெழுத்து அவங்களுதா இருக்கணும். ரெண்டும் இருக்கு. இதுல ஒரு தப்பு இருந்திருந்தா தள்ளுபடி பண்ணியிருப்பேன்."

நாற்பத்தேழு என்று நான் போட்டது அப்படியே இருந்திருந்தால் முப்பத்தெட்டு வீடும் நின்றிருக்கும். வராந்தாவில் நின்றவர்களிடம் இதை நான் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் படியிறங்கிக் கீழே வந்ததும், "அந்தாளு கேட்டாருன்னா மாத்திடுவியாடி நீ?" என்றாள். ரோஷம் வந்தது என்று சொல்ல முடியுமா?

மேல்முறையீட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் வந்துவிட்டது. இரண்டே நாளில் தெரு இல்லை. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்தார்கள், ஒற்றை அறை வீட்டுக்கு. தெருவில் பாதிப் பேர் மாமாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். 'போடுங்க' என்று கத்தியது அவர்தானே. மாமா அதற்கு அவர்களைக் குறை சொன்னதே இல்லை. என்னையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படம் வந்தது. ஓடு ஓடு என்று ஓடியது. பத்திரிகைகள் தைரியமான படம் என்றன. மெசேஜ் மேடைக்கு மேடை பேசினார், பெயர் சொல்லாமல். அக்கா ஒரு நாள் திடீரென்று, "என்னதான் எடுத்திருக்கான்னு பாக்கணும், வா" என்றாள். மாமாவைக் கூப்பிட்டோம். "நான் பாத்தாச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியக் காட்சி. நல்ல கூட்டம். கையெழுத்துக் காட்சி இல்லை. சனங்களை எதற்கு விரட்டுகிறார்கள் என்பதையே படம் சரியாகச் சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு வானம் சிவந்தது, இரண்டு நிலாவும் ஏறின, இயந்திரங்கள் வரிசையாக வந்து வீடுகளை இடிக்க ஆரம்பித்தன.

நிஜ வீடுகள். இடிக்கும் நாளில் அவர்கள் கேமராவோடு எங்கேயோ நின்றிருக்கிறார்கள். முதல் வீடு, இரண்டாம் வீடு. பிறகு ஒரு கதவு, எண் பதினேழு. சுவர் சரிந்ததும் உள்ளே அடுக்களை தெரிந்தது, அடர் மஞ்சளில். பஸ்ஸுக்கு அடிக்கும் மஞ்சள். டிப்போவில் மிஞ்சியதை மாமா கொண்டுவந்து அடித்தது. அந்த மஞ்சள் சுவர்மேல் இரண்டு நிலாவின் வெளிச்சமும் அழகாக விழுந்தது. அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். அவளும் அழுதுகொண்டிருந்தாள். தன் கைக்குட்டையை அக்காவிடம் நீட்டி, அன்பாக, "அழாதீங்கம்மா. எல்லாம் செட்டுதான். நெஜ வீடு இல்ல" என்றாள்.

அக்கா கைக்குட்டையை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி அந்தப் பொண்ணுகிட்ட. நீ சொன்னாத்தான் எல்லாரும் நம்புவாங்களே" என்றாள்.